பத்து டாலர் தட்டும் பத்து மீட்டர் பயமும்

டிஸ்க் கோல்ஃப் தட்டுகள் விற்கும் கடையில் அரை மணி நேரம் நின்றால் இரண்டு விதமான வாடிக்கையாளர்களைப் பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால், இரண்டும் ஒரே ஆள்தான். தூரம் போகும் டிரைவர் தட்டுகள் இருக்கும் அடுக்கின் முன்னால் அவர் படிக்கிறார். தட்டின்மேல் அச்சிட்ட நான்கு எண்களை ஒப்பிடுகிறார், ஃபோனை எடுத்து அது எப்படிப் பறக்கும் என்று படம் தேடுகிறார். நாலடி தள்ளி பட்டர் அடுக்குக்கு வந்ததும் படிப்பு நின்றுவிடுகிறது. ஒரு தட்டை எடுக்கிறார். கட்டைவிரலை மேலே வைத்து மற்ற விரல்களை உள்விளிம்பில் மடக்கி அமுக்கிப் பார்க்கிறார். எறிவதுபோல் மணிக்கட்டை இரண்டு தடவை ஆட்டிவிட்டுத் திருப்பி வைக்கிறார். அடுத்து எடுப்பதும் அதே மாடல், அதே பிளாஸ்டிக், அதே எடை. சந்தையில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்கிறவர்களின் முகம்தான் அப்போது அவருக்கு.

பட்டர் என்றதும் ரொட்டியில் தடவுவதோ, பெருமாள் கோயிலில் தீபாராதனை காட்டுகிறவரோ நினைவுக்கு வந்தால் தவறில்லை. இங்கே அது, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் கடைசியாக வீசப்படும் தட்டு. கோல்ஃபில் குழிக்குள் பந்தைத் தள்ளும் மட்டையின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆட்டத்தின் சட்டமும் கோல்ஃபிலிருந்து வந்ததுதான்: தொடங்கும் இடத்திலிருந்து கூடைக்குள் விழும்வரை எத்தனை வீச்சு என்பதுதான் கணக்கு, குறைவாக வீசியவர் ஜெயித்தார்.

இந்த ஆட்டம் அமெரிக்காவில் வேர்விட்டது. வாம்-ஓ நிறுவனத்தில் ஃபிரிஸ்பி என்ற பறக்கும் தட்டைச் செம்மைப்படுத்திய எட் ஹெட்ரிக், 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு பிடிஜிஏ என்ற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கி உறுப்பினர் எண் 1-ஐத் தனக்கு வைத்துக்கொண்டார். சங்கிலிக் கூடைக்கான காப்புரிமையும் 1977-இல் அவருக்குக் கிடைத்தது. (2002-இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து நினைவுத் தட்டுகளாக வார்த்தார்கள். ஆட்டக்காரர்களின் பித்து எந்த அளவு என்று தெரிந்துகொள்ள இது ஒன்று போதும்.) தொடக்க ஆண்டுகளில் எல்லோரும் வீசியது கிட்டத்தட்ட ஒரே மாதிரியான மொத்தை விளிம்புத் தட்டு. 1983-இல் டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சரிவாகச் செதுக்கினார், இன்னோவா நிறுவனம் பிறந்தது. அதன்பின் தட்டுகள் வேகத்துக்கு ஏற்பப் பல சாதிகளாகப் பிரிந்தன. விளிம்பு அகலமாகவும் கூர்மையாகவும் ஆக ஆக டிரைவர். பட்டர் மட்டும் பழைய மொத்தை விளிம்போடு தங்கிவிட்டது. ஃபிரிஸ்பிக்கு இன்றும் நெருங்கிய உறவினர் அதுதான்.

இனி அந்த நான்கு எண்கள். ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட் என்று இன்னோவா பரப்பிய வழக்கம் இது. எவ்வளவு வேகத்தில் வீச வேண்டும், எவ்வளவு நேரம் மிதக்கும், வேகமாக இருக்கும்போது எந்தப் பக்கம் சாயும், வேகம் குறைந்ததும் எவ்வளவு திரும்பும் என்று சொல்பவை. இன்னோவாவின் ஏவியார் பட்டருக்கு 2, 3, 0, 1. டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜுக்கு 2, 4, 0, 1. கேட்வேயின் விஸார்டுக்கு 2, 3, 0, 2. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தூக்கம் கெடாது. அந்த எண்கள் முழுப் பலத்தோடு வீசும்போது தெரியும் குணங்கள். கூடைக்கு முன் பத்து மீட்டரில் நின்று வீசும் தட்டு காற்றில் இருப்பது ஏறக்குறைய ஒரு நொடி. டர்ன் தலைகாட்டும் அளவு வேகமே அங்கு இல்லை. ஃபேட் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

ஆனால் போட்டி முடிவாவது அந்தப் பத்து மீட்டரில்தான். விதியே கூடையைச் சுற்றிய அந்தப் பத்து மீட்டர் வட்டத்துக்குத் தனி மரியாதை தருகிறது: அதற்குள்ளிருந்து வீசினால், வீசிய வேகத்தில் முன்னால் ஓடக் கூடாது, குறித்த இடத்துக்குப் பின்னால் நிலையாக நின்று காட்டிய பிறகே நகரலாம். அதற்கு வெளியே, கூடையிலிருந்து 20 மீட்டர் வரை இரண்டாவது வட்டம் என்பார்கள். முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்கள் முதல் வட்டத்துக்குள் பத்துக்கு எட்டு, ஒன்பது போட்டுவிடுவார்கள். பூங்காவில் சனிக்கிழமை ஆடுகிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நூறு மீட்டர் அழகாக வீசிக் கூடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டதை ஆறு மீட்டரில் தவறவிடுகிறார். அந்த வலிக்கு மருந்து தேடித்தான் கடைக்கு வருகிறார். டிரைவரைக் காற்றுக்காக வாங்குகிறார்கள், பட்டரைக் கைக்காக வாங்குகிறார்கள் என்பது என் கட்சி. இதை ஒப்புக்கொண்டால், இந்தச் சந்தையில் விசித்திரமாகத் தெரியும் பல விஷயங்களுக்குக் காரணம் பிடிபடும்.

முதல் விசித்திரம் விலை. எந்தப் பொருளிலும் விலை உயர்ந்ததுதான் சிறந்தது என்பது கடைக்காரர் சொல்லும் பாடம். டிரைவரில் அது உண்மையும்கூட: விலை கூடிய பிளாஸ்டிக் மரத்தில் மோதினாலும் சிதையாது, பல ஆண்டு ஒரே மாதிரி பறக்கும். பட்டரில் தலைகீழ். இருபது டாலருக்குக் கண்ணாடி மாதிரி மின்னும் பட்டரும் உண்டு, பத்து டாலருக்குச் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாக இருப்பதும் உண்டு. கூடைக்கு வீச அனுபவசாலிகளில் பெரும்பாலோர் எடுப்பது பத்து டாலர் தட்டைத்தான். இன்னோவாவில் டிஎக்ஸ், லாட்டிட்யூட் 64-இல் ரெட்ரோ, டைனமிக் டிஸ்க்ஸில் பிரைம், கிளாசிக், எம்விபி குடும்பத்தில் எலக்ட்ரான் என்று ஒவ்வொரு நிறுவனமும் இந்த அடிமட்ட வகைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது.

காரணம், பிடி. மலிவான கலவையின் மேற்பரப்பு விரலை லேசாகக் கவ்வுகிறது. விலை உயர்ந்ததோ வியர்வையிலும் பனி ஈரத்திலும் வழுக்கப் பார்க்கும். தவறிய வீச்சிலும் இதற்கு வேலை உண்டு. கூடையில் படாமல் போன தட்டு விளிம்பில் எழுந்து நின்று சரிவில் உருண்டு ஓடுவதைப் போல வயிறு கலங்கும் காட்சி இந்த ஆட்டத்தில் வேறில்லை. ஐந்து மீட்டரில் தவறவிட்டவர் பதினைந்து மீட்டரிலிருந்து மறுபடி வீச வேண்டியிருக்கும். மிருதுவான தட்டு விழுந்த இடத்தில் சப்பென்று படுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். சீக்கிரம் தேய்ந்துபோகும் என்ற குறையும் இங்கே பெரிதில்லை, ஏனென்றால் பட்டர் மோதுவது பெரும்பாலும் சங்கிலியில், மரத்தில் அல்ல.

மிருதுவா, கெட்டியா என்பதில் மட்டும் ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது. மிருதுக் கட்சியார், சங்கிலியை அது கட்டிப்பிடித்துக்கொள்ளும் என்பார்கள். கெட்டிக் கட்சியார், அழுத்தினால் நெளியும் தட்டு கையைவிட்டுப் போகும் கணமும் நெளியும், ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி கிளம்பும் என்பார்கள். சங்கிலி விஷயத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. தட்டு தாங்குமா துள்ளுமா என்பதைப் பெரிதும் முடிவுசெய்வது அது எந்த இடத்தில், என்ன வேகத்தில் படுகிறது என்பதுதான். கையைவிட்டுக் கிளம்பும் விஷயத்தில் கெட்டிக் கட்சி சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனாலும் கேட்வே நிறுவனம் மிருதுவிலேயே படிகள் வைத்து, ஒரு படிக்கு ‘சூப்பர் ஸ்டூபிட் சாஃப்ட்’ என்று பெயரிட்டு விற்கிறது என்றால், வாங்க ஆள் இருக்கிறது என்றுதானே பொருள்.

பருவநிலையும் இதில் கை வைக்கிறது. குளிர்ந்தால் பிளாஸ்டிக் விறைக்கும், சூட்டில் குழையும். ஃபின்லாந்தில் பனிக்காலத்திலும் ஆடுகிறவர், கோடையில் தொளதொளவென்று தோன்றிய தட்டை நவம்பரில் தேடி எடுப்பார். டெக்சஸில் ஆடுகிறவர் ஜூலை மாதம் அதே தட்டைக் காரில் வைத்துவிட்டு வந்தால் தோசை மாதிரி மடங்கிக் கிடக்கும்.

பிடிக்கு அடுத்தது உருவம். இங்கே பேச்சு மில்லிமீட்டரில் நடக்கும். விளிம்பின் அடியோரத்தில் வயல் வரப்பு மாதிரி சுற்றிலும் ஒரு சிறு புடைப்பு ஓடும் தட்டுகள் உண்டு. அதை பீட் என்பார்கள். சிலருக்கு விரல் அதில் போய் உட்கார்ந்தால்தான் நிம்மதி. வேறு சிலருக்கு அது செருப்புக்குள் கிடக்கும் கல். இது எவ்வளவு ஆழமான பிரிவு என்றால், நிறுவனங்கள் ஒரே அச்சை இரண்டு பெயரில் விற்கின்றன: டைனமிக் டிஸ்க்ஸில் பீட் உள்ளது ஜட்ஜ், இல்லாதது வார்டன். விளிம்பின் ஆழம், மேற்பரப்பு குவிந்திருக்கிறதா தட்டையாக இருக்கிறதா என்பதெல்லாமும் கணக்கில் வரும். சிறிய கை உள்ளவர் ஆழமான விளிம்பைப் பிடித்தால் விரல் முழுதாக மடங்காது. டிஸ்கிராஃப்ட்டின் பேங்கர் ஜிடி, மேலே கட்டைவிரல் படிய ஒரு வளையப் பள்ளம் வைத்தே பெயர் வாங்கியது.

எடையில் விவாதம் குறைவு. விட்டம் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் என்பது பிடிஜிஏ வைத்த உச்சவரம்பு. 21.2 சென்டிமீட்டர் தட்டுக்கு அது ஏறக்குறைய 176 கிராம். பெரும்பாலோர் 173-க்கும் 176-க்கும் நடுவில் வாங்கி நிறுத்திக்கொள்வார்கள்.

வீசும் பாணிதான் இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு முடிவுக்குத் தள்ளுகிறது. மணிக்கட்டைச் சுண்டி, நிறையச் சுழற்சி கொடுத்து, தட்டையாக விரட்டுவது ஸ்பின் பட். கையை நேராக முன்னே தள்ளி, சுழற்சி குறைவாக, மேலெழும்பிக் கூடைமேல் இறங்கும்படி போடுவது புஷ் பட். ஸ்பின் வீச்சாளருக்கு விரலில் அழுத்தம் அதிகம், தட்டு நெளியாமல் பட்டென்று கழன்றுபோக வேண்டும். அவருக்குக் கெட்டி ஏற்றது. புஷ் வீச்சாளர் மென்மையாகப் பிடிப்பவர், அவர் வீச்சு மெதுவாக இறங்குவது, மிதப்பு கூடிய தட்டு அவருக்குத் துணை. ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பலர் தங்கள் பாணி எது என்று யோசித்துப் பார்த்திருப்பதே இல்லை. கைக்கு ஏன் ஒன்று பிடிக்கிறது, ஒன்று பிடிக்கவில்லை என்பது அவர்களுக்கே புதிராக இருப்பது இதனால்தான்.

எண்கள் உயிர்பெறும் இடம் ஒன்று உண்டு, அது காற்று. எதிர்க்காற்றில் வீசும்போது தட்டுக்கு எதிரே பாயும் காற்றின் வேகம் கூடிவிடுகிறது. நேராகப் போகும் தட்டு தூக்கப்பட்டு, சாயத் தொடங்கிவிடும். அப்போது ஃபேட் கூடிய, முரட்டுத் தட்டு வேண்டும். பின்காற்றோ தட்டைக் கீழே அமுக்கும், அங்கே மிதப்பு வேண்டும். கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவைச் சொல்லலாம். டைனமிக் டிஸ்க்ஸின் ஊர், 2022 உலகப் போட்டி நடந்த ஊர், திறந்த புல்வெளியில் காற்று ஓயாமல் வீசும் ஊர். அங்கே ஆடிப் பழகியவர் பட்டர் அடுக்கிலும் ஃபேட் எண்ணைப் பார்ப்பார். மரங்கள் அடர்ந்த ஸ்வீடன் காட்டு மைதானத்துக்காரருக்கு அந்த எண் இருப்பதே மறந்திருக்கும்.

இதோடு இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். பட்டர் அடுக்கில் இருப்பதெல்லாம் கூடைக்கு வீசுவதற்கல்ல. குறுகிய பாதையில் நேர்கோடாகப் போக பட்டரைவிட நம்பகமான தட்டு இல்லை என்பதால் தொடக்கப் புள்ளியிலிருந்தே அதை வீசுவார்கள். அதற்கு விலை உயர்ந்த உறுதியான பிளாஸ்டிக். தூரத்திலிருந்து கூடைக்கு அருகே கொண்டுவந்து போட டிஸ்கிராஃப்ட்டின் ஸோன், காஸ்டாபிளாஸ்ட்டின் பெர்க் மாதிரியானவை. பெர்க்கின் எண்கள் 1, 1, 0, 2. மிதக்கவே மிதக்காது, செங்கல் மாதிரி விழும், அதற்காகவே வாங்குகிறார்கள். இந்த வகையில் மட்டும் எண்களுக்கு மதிப்பு அப்படியே இருக்கிறது.

இனி பெயரின் மகிமை. கென் கிளைமோ 1990 முதல் 1998 வரை தொடர்ந்து ஒன்பது முறை, மொத்தம் பன்னிரண்டு முறை உலக சாம்பியன். அவருடைய முதலெழுத்துகளோடு வந்த கேசி ஏவியார் ஒரு தலைமுறைக்கே முதல் பட்டர். அதில் ‘11 முறை உலக சாம்பியன்’ என்று அச்சிட்ட பழைய தட்டுகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். 2002-இல் பதினொன்றாவது பட்டம், 2006-இல் பன்னிரண்டாவது. ஆகவே அந்த எண் தட்டு எந்தக் காலத்தில் வார்க்கப்பட்டது என்று சொல்லும் முத்திரை. பழைய ஆட்டக்காரர்கள் கிளைமோமேல் உள்ள பக்தியால் மட்டும் தேடவில்லை. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கின் பிடி இப்போது வராது என்று நம்புகிறார்கள். புகழைத் தேடுவதுபோலத் தெரிந்தாலும், தேடுவது கைதான்.

புகழே விற்ற சந்தர்ப்பங்களும் உண்டு. 2021 உலகப் போட்டி, யூட்டா மாநிலத்தின் ஆக்டன். கடைசிக் குழியில் (கூடைவரையான ஒவ்வொரு கட்டத்துக்கும் கோல்ஃபில் உள்ள பெயர்தான்) ஒரு வீச்சு பின்தங்கியிருந்த ஜேம்ஸ் கான்ராட், சுமார் 75 மீட்டரிலிருந்து வீசிய தட்டு நேராகக் கூடைக்குள் போய் விழுந்தது. சமநிலையான ஆட்டம் கூடுதல் குழிக்குப் போக, பால் மெக்பெத்தைத் தோற்கடித்து அவர் பட்டம் வென்றார். கையில் இருந்தது ஆக்ஸியம் நிறுவனத்தின் என்வி, அதுவும் மலிவு வகையான எலக்ட்ரான் பிளாஸ்டிக்கில். அந்தக் காட்சி அமெரிக்க விளையாட்டுச் செய்திகளில் திரும்பத் திரும்ப ஓடியது. அந்த ஆட்டத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் எந்த நிறுவனமும் எடுத்திருக்க முடியாது. தோற்ற மெக்பெத்தும் சாதாரண ஆள் இல்லை. 2019-இல் இன்னோவாவை விட்டு டிஸ்கிராஃப்ட்டுக்குப் போனதும் அவர் பெயரில் லூனா என்ற பட்டர் வந்தது. 2021-இல் பத்தாண்டுக்குப் பத்து மில்லியன் டாலர் ஒப்பந்தம். அந்தப் பணத்தில் ஒரு பங்கு லூனாவை வாங்குகிறவர் தருவது. ஆட்டக்காரர் பெயரில் வரும் சிறப்புப் பதிப்புகளில் சில டாலர் நேராக அவருக்குப் போகும் என்பதால், வீசாமல் சுவரில் மாட்டி வைக்கவே வாங்குகிறவர்களும் உண்டு.

ஆனால் புகழ் ஒரு தட்டை விற்கும், ஐந்தாவது தட்டை விற்காது. இந்தச் சந்தை நிற்பதே அந்த ஐந்தாவது தட்டில்தான். பட்டரை யாரும் ஒற்றையாக வாங்குவதில்லை. வீட்டுக் கொல்லையில் கூடை வைத்துப் பயிற்சி செய்ய, ஒவ்வொரு வீச்சுக்கும் நடந்துபோய் எடுத்துவர முடியாது. ஐந்து, பத்து, சிலர் இருபது, எல்லாம் ஒரே அச்சு, ஒரே கலவை, ஒரே எடை. கைக்கு வேறுபாடு தெரியக் கூடாது. விலை குறைவாக இருப்பது இங்கே வசதியாகிவிடுகிறது.

அதே பழக்கம் ஒரு பயத்தையும் வளர்க்கிறது. பிளாஸ்டிக் அச்சிலிருந்து வந்து ஆறும்போது சுருங்கும். சுருங்கும் அளவு, கலவையையும் ஆறும் வேகத்தையும் பொறுத்தது. ஒரு தொகுதியில் மேற்பரப்பு குவிந்து வரும், இன்னொன்றில் தட்டையாக வரும். பெயரும் எண்ணும் மாறாது, கை மட்டும் ‘இது அது இல்லை’ என்று சொல்லும். பிடித்த தொகுதி கிடைத்தால் பெட்டியோடு வாங்கி வைப்பவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2020-இல் கொரோனா வந்து, மூடிய அரங்குகளை விட்டு ஜனங்கள் பூங்காவுக்கு ஓடிவந்தபோது கடை அடுக்குகள் காலியானதை அவர் பார்த்திருக்கிறார். அதற்கு முன்பே, ஷூ அடிப்பாகத்துக்குப் பேர்போன வைப்ரம் நிறுவனம் ரப்பரில் தட்டு செய்து, ரிட்ஜ், சோல் என்ற பட்டர்களால் ஒரு கூட்டத்தைத் தன்பக்கம் இழுத்து, 2010-களின் இறுதியில் அந்தத் தொழிலையே விட்டுப்போனதையும் பார்த்திருக்கிறார். ரப்பரின் கவ்வலுக்குப் பழகிய விரல்களுக்கு அன்று முதல் ஊர் இல்லை.

புதிதாக வாங்கியதைப் பழசாக்கக் குறுக்கு வழியும் கிடையாது. வார்த்த இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைத் தேய்த்துவிடலாம். அதற்குமேல் தட்டின் உருவத்தை மாற்றினால் போட்டியில் செல்லாது. சங்கிலியில் ஆயிரம் தடவை அடிவாங்கித்தான் அது வழிக்கு வர வேண்டும். பலர் பையில் ஒரே மாடலில் இரண்டு கிடக்கும்: மழமழப்பு போகாத புதியது காற்று நாளுக்கு, ஓரம் நைந்த பழையது மற்ற நாளுக்கு.

மனசு என்ற ஒன்றையும் சேர்க்காமல் இந்தக் கணக்கு முடியாது. மூன்று வாரம் தொடர்ந்து தவறவிட்டவர் பட்டரை மாற்றுகிறார், நான்காவது வாரம் போடுகிறார். தட்டுதான் காரணம் என்று சத்தியம் செய்வார். புதிய தட்டைப் பிடிக்கும்போது விரலைக் கவனித்து வைத்தார், தோளைத் தளர்த்தினார், கூடையைக் கூர்ந்து பார்த்தார், பழக்கத்தில் மறந்துபோன எல்லாவற்றையும் ஒரு வாரம் மறுபடி செய்தார் என்பது என் ஊகம். ஆனால் அதை அவரிடம் சொல்லிப் பயனில்லை, கூடையில் விழுந்த தட்டு பொய் சொல்லாது என்பார். பத்து டாலருக்கு நான்காவது வாரத்தை விலைக்கு வாங்கியிருக்கிறார், அது ஒன்றும் நஷ்டக் கணக்கும் இல்லை.

கையால் வாங்கும் பொருளை இணையத்தில் எப்படி விற்பது என்பதுதான் நிறுவனங்களுக்கு இன்னும் பிடிபடாத வித்தை. ஒரு நிறுவனத்தின் ‘மீடியம்’ இன்னொன்றின் ‘சாஃப்ட்’ மாதிரி இருக்கும், பொது அளவுகோல் இல்லை. குவிவு, கெட்டித்தன்மை என்று சில கடைகள் ஒவ்வொரு தட்டுக்கும் குறிப்பு எழுதிப் பார்க்கின்றன. வாங்குகிறவர்கள் கண்டுபிடித்த வழி இதைவிடப் பழையது. ஏழாவது குழியில் முன்னால் இருப்பவர்கள் முடிக்கக் காத்திருக்கும்போது ஒருவர் தன் பட்டரைக் கூட ஆடுகிறவரிடம் நீட்டுகிறார், “பிடிச்சுப் பாரு.” அவர் வாங்கி அமுக்குகிறார், மணிக்கட்டை இரண்டு தடவை ஆட்டுகிறார். “இது எப்ப வாங்கினது?” என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி.